வாத்து பனியன் போட்ட பைன் மரங்கள்

என் வாழ்க்கையில் இதுவரை எனக்கு வந்த அதிர்ச்சிகளில் முக்கால் பங்கு ஒரே ஆளிடமிருந்து வந்தவை. மீதிக் கால் பங்கைத்தான் கரண்ட் பில்லும், மாமனார் வீடும், பல்லடம் தனியார் பஸ்களும் பங்கு போட்டுக்கொண்டன.

அந்த ஆளுக்குப் பெயர் ரேஷியோ. வீட்டில் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, வேறு யார் வீட்டுப் பத்திரிகையோ மாறி வந்துவிட்டது என்று நான் அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவரும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான், "இல்லீங்க கண்ணு, இது நாந்தான்" என்றார்.

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் கடை. முன்னால் கடை, பின்னால் குடோன். ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை வெளி மாநில வியாபாரிகளுக்கு மொத்தமாக அனுப்புவதுதான் தொழில். எனக்கு அங்கே போனில் ஹிந்தி பேசும் உத்தியோகம். கேன்டீனில் பீகார்காரர்களோடு சாப்பிட்டுக் கற்ற ஹிந்தி. பாதிக்கு மேல் வெளியில் சொல்ல முடியாத வார்த்தைகள். ரேஷியோவுக்குக் குடோனில் பேக்கிங் டேபிள். மீசை முளைத்த வயதில் அந்த டேபிளுக்குப் பின்னால் வந்து நின்றவர், அது நரைத்த பிறகும் அங்கேயே நின்றார்.

ஒரு பெட்டிக்குள் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று கலந்து அடுக்குவதற்கு ரேஷியோ பேக்கிங் என்று பெயர். ஒரே அளவை மட்டும் போட்டு நிரப்பினால் அது சாலிட் பேக்கிங். உலகம் முழுக்க இரண்டும் நடக்கிறது. நம்மவர் டேபிளில் இரண்டாவது நடக்காது. நடந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சின்ன சைஸ் இல்லாத பெட்டி விளங்காது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான் தலைவர், தொண்டர் எல்லாம்.

இந்த வியாதி குடோனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டேபிள் தோழர் ஒருவரின் கல்யாணத்தில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நின்றோம். போட்டோகிராபர் ரெடி சொன்ன நேரத்தில் ரேஷியோ கையைத் தூக்கினார். வரிசையைப் பார்த்தார். எல்லாரும் எல், எக்ஸ்எல். எஸ்ஸே இல்லை. "ஒரு நிமிசமுங்க" என்று போனவர், இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நடுவில் நின்றுகொண்டார். போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். குழந்தை அந்தக் கல்யாணத்துக் குழந்தை. எங்களில் யாருக்கும் அதைத் தெரியாது. ரேஷியோவுக்கும் தெரியாது. எனக்கு அன்று நின்ற மூச்சு மறுபடி வர வெகுநேரம் ஆனது. அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம் வந்து மாட்டியவர்தான் நேகி.

நேகி இமாசலப் பிரதேசத்துக்காரர். கின்னௌர் என்று ஒரு பக்கம். திபெத்துக்கு அண்டை வீடு. மேகம் எல்லாம் முன்னால் இருக்கும் மலைகளிலேயே பெய்து தீர்த்துவிடுவதால், மழை எட்டிப் பார்க்காத வறண்ட மலை. வருடத்துக்கு ஒரு முறை, குளிர் தொடங்கும் முன்னால், தன் ஊரில் விற்கத் தெர்மல் வாங்கத் திருப்பூர் வருவார். தெர்மல் என்றால் குளிருக்கு உள்ளே போடும் கெட்டி பனியன். நம் ஊர் வெயிலிலும் தலையில் இருக்கும் பச்சைப் பட்டை வைத்த தொப்பியைக் கழற்ற மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ், ஆமாங்க. சாப்பிட்டீங்களா என்றால் ஆமாங்க. சரக்கு பிடிச்சிருக்குதுங்களா என்றால் ஆமாங்க. துணி செக்கிங் பண்ணும் பெண்கள் வம்புக்கு, "ஏனுங்க, நீங்க பொண்டாட்டிக்கு பயப்படுவீங்களா" என்று கேட்பார்கள். அதற்கும் சிரித்த முகத்தோடு ஆமாங்க.

ஒரு வருடம் அவர் எங்களுக்கு ஒரு பை நிறைய சில்கோசா கொண்டு வந்தார். அவர்கள் மலையில் வளரும் ஒரு பைன் மரத்தின் கொட்டை. பழுப்பு நிறத்தில், நீளமாக, விரல் நகம் அளவுக்கு இருக்கும். தோலை உரித்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. வெண்ணெயைக் கடித்த மாதிரி இருந்தது என்று, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரரான எங்கள் முதலாளியே ஒப்புக்கொண்டார். எல்லாரும் தின்றோம். ரேஷியோ மட்டும் ஒன்றைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் குடோனுக்குப் பின்னால், கிழிந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், செங்கல் வைத்து ஒரு பாத்தி கட்டியிருந்தார். தினமும் காலையில் குடிக்கிற தண்ணீர் கேனிலிருந்து எடுத்து ஊற்றினார். எங்களுக்குத் தண்ணீர் இல்லை. ஒரு நாள் ஏதோ முளைத்தது. ரேஷியோ குடோன் முழுக்க மிட்டாய் கொடுத்தார். செடி ஜோராக வளர்ந்தது. திருப்பூரில் இமயமலை மரம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் நேகி வந்தபோது ரேஷியோ அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். நேகி பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நாங்கள் எல்லாரும் அவர் தலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

செடி ஆமணக்கு. அது எங்கிருந்தோ விழுந்து தானாக முளைத்திருந்தது. நேகி கொடுத்த கொட்டை அத்தனையும் வறுத்தது.

நேகி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் அந்த ஆமணக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றுபோய்ப் பேச ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். அந்த மரத்தை நட்டு வளர்ப்பது பெரும் பாடாம். பையில் வளர்த்த கன்றுகளைக் கொண்டுபோய் வைத்தால் வறட்சியில் பெரும்பாலும் காய்ந்துபோகும். காய் மரத்திலேயே வெடித்து, கொட்டை தானாக விழுந்து, ஏதாவது பாறை இடுக்கிலோ முள்ளுச்செடி நிழலிலோ மாட்டிக்கொண்டு, மேலே பனி மூடி, பனி உருகும்போது அந்த ஈரத்தில் முளைக்க வேண்டும். அப்படித் தன்னால் வந்ததுதான் நிற்கும். ஆனால் காய் வெடிக்கும்வரை யார் விடுகிறார்கள்? பச்சையாக இருக்கும்போதே ஊரே ஏறிப் பறித்துவிடுகிறது. தப்பி விழுந்து முளைத்ததை ஆடு மேய்ந்துவிடுகிறது. பெரிய மரங்கள் நிற்கின்றன, அதற்குப் பின்னால் வர ஒன்றும் இல்லை என்றார்.

ரேஷியோவின் முகம் மாறியது. "சின்னதே இல்லீங்களா?" என்று கேட்டார்.

நேகி, "ஆமாங்க" என்றார்.

அன்றைக்கு ரேஷியோ மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரிந்திருந்தால் அந்தத் தூக்குப்போசியை நானே திறந்து ஊட்டிவிட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வருடம் நேகி நேரில் வராமல் போனிலேயே ஆர்டர் சொன்னார். பெரிய சைஸ் மட்டும் வேண்டும், எக்ஸ்எல்லும் டபுள் எக்ஸ்எல்லும். குளிர் நாட்டில் ஒன்றின் மேல் ஒன்று போடுவார்கள், அதனால் பெரியதுதான் போகும். நான் எழுதி ரேஷியோவிடம் கொடுத்தேன். சரக்கு லாரி பார்சலில் போனது. பத்து நாள் கழித்து நேகி போன் செய்தார். குரலில் ஆமாங்க இல்லை.

பெட்டிகளைத் திறந்திருக்கிறார். பெரியது கொஞ்சம்தான், அதை எடுத்து வைத்துக்கொண்டார். பாதிக்கு மேல் குழந்தை சைஸ். மஞ்சளும் ரோஸும். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு வாத்து.

நான் குடோனுக்கு ஓடினேன். ரேஷியோ நிதானமாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தே செய்திருக்கிறார். ஒரு ஊருக்குப் போகிற சரக்கில் குழந்தை குட்டிக்கு ஒன்றுமே இல்லாமல் எப்படி அனுப்புவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். 

இங்கே எங்கள் முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டு மனிதர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக ரேஷியோவை 'வாய்யா போய்யா' என்று பேசுகிறவர், அன்றைக்கு எழுந்து நின்று பேசினார். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களாங்க? நீங்களே போய், அந்தச் சரக்க அங்கயே வித்துப்போட்டு வாங்க. இல்லீன்னா திருப்பிக் கொண்டாந்துருங்க. ரெண்டும் ஆகலீன்னா, அந்த டேபிளுக்கு நீங்க வரவே வேண்டாமுங்க." இத்தனை 'ங்க'வை ஒரே மூச்சில் நான் அந்தக் கடையில் கேட்டதில்லை. நடுங்கிவிட்டேன். மொழிக்குத் துணையாக என்னையும் போகச் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் நடுங்கினேன்.

ரேஷியோ அதற்கு முன் போன அதிகபட்ச தூரம் பழனி. திருப்பூர் ஸ்டேஷனுக்கு உச்சி வெயிலில் வந்தார். உடம்பு பீப்பாய் போலிருந்தது. குளிருக்கு முன்னேற்பாடாம். உள்ளே எஸ், அதன் மேல் எம், அதன் மேல் எல், வெளியே எக்ஸ்எல். ஆளே ஒரு ரேஷியோ பேக்கிங்காக வந்து நின்றார். பக்கத்தில் நின்ற அசாம் பையன்கள் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டெல்லி வரை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப் மாதிரி ஒன்று. கடைசி வண்டி போன பாதையை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. நான் கண்ணைத் திறந்தது நேகியின் ஊரில்தான்.

ஊர் அழகு. ஆனால் மலை என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு முதல் அதிர்ச்சி, அது முழுக்கக் காய்ந்த மண் நிறம். கல்லும் சரளையும் முள்ளுச் செடியும். அதற்கு நடுவில் நேகி சொன்ன பைன் மரங்கள். பட்டை உரிந்து உரிந்து சாம்பலும் வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக, நம் ஊரில் அடிக்கிற மிலிட்டரி பிரிண்ட் போல இருந்தது. தாழ்வாகவே கிளை விட்டு, குட்டையாகப் பரந்த மரங்கள். இரண்டாவது அதிர்ச்சி, ஊரில் குழந்தைகள் இல்லை. எல்லாரையும் கீழே டவுனில் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைக்கிறார்களாம். எங்கள் வாத்து பனியனைப் பார்த்துப் பெண்கள் ரசித்தார்கள், தடவினார்கள், சிரித்தார்கள். ஒருத்தி ஒன்றை எடுத்துத் தன் ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தாள். யாரும் வாங்கவில்லை.

விற்க முடியாது என்று தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். ரேஷியோ பெட்டிகளைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். பேயறைந்தது போல நின்றார். வழியில் எங்கோ மழையில் லாரி நனைந்து, மேலாக இருந்ததைத் தவிர அடிச்சரக்கு மொத்தமும் ஈரம். ஈரத்தோடு கட்டிக் கொண்டுபோனால் திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழுந்துவிடும். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குப் பேயை விடப் பூஞ்சைமேல் பயம் அதிகம்.

நேகியின் முற்றத்தில் ஆப்ரிகாட் பழத்தை உலர்த்தியிருந்தார்கள், இடம் இல்லை. ரேஷியோ ஒரு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஊரை ஒட்டிய சரிவுக்குப் போனார். நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்தச் சரிவில்தான் அவர் முதன்முதலாக அந்தக் காட்டைக் கிட்டத்தில் பார்த்தார். பெட்டியை இறக்கிவிட்டு, மரத்துக்கு மரம் நடந்தார். குனிந்து பார்த்தார். பாறை இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். முள்ளுச் செடியை விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து மண்டபத்துக் குழந்தையைத் தூக்கி வந்தபோதுகூட அவருக்குப் பதற்றம் கிடையாது. அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அத்தனையும் டபுள் எக்ஸ்எல். ஒரு எஸ் இல்ல, ஒரு எம் இல்ல. காடு பூராவும் சாலிட் பேக்கிங்."

எனக்குச் சிரிப்பு வாய் வரை வந்தது. அவரைப் பார்த்தபின் சிரிப்பு போய்விட்டது. பிறகு நானும் சுற்றிப் பார்த்தேன். ஆமாம். மனிதன் உயரத்துக்கு ஒரு மரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு இல்லை. கிழங்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு ஊரில் பொழுது விடிந்து பார்த்தால் அறுபது வயதுக்குக் கீழே யாருமே இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அதற்கு முன் மரங்களைப் பார்த்து நான் பயந்ததில்லை.

பிறகு அவர் ஈர பனியன்களை எடுத்துக் காயப்போட ஆரம்பித்தார். காற்று பலமாக அடித்ததால் கிளையில் சுற்றிக் கைகளை முடிச்சுப் போட்டார். ஒவ்வொன்றையும் கட்டும் முன் உதறி, தையலைப் பார்த்தார். ஒன்றில் கக்கத்தில் தையல் விட்டிருந்தது. அதை மட்டும் கட்டவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டார். மரத்தில் காயப்போடுவதற்குக் கூட ரிஜெக்ட் பீஸ் போகக்கூடாது அவருக்கு. மாலைக்குள் அந்தச் சரிவின் மரங்கள் எல்லாம் மஞ்சளும் ரோஸுமாக வாத்து பனியன் போட்டுக்கொண்டு நின்றன.

எங்களுக்குத் தெரியாத ஒன்று, மறுநாள்தான் அந்த ஊரில் காய் இறக்கம் தொடங்குகிறது.

காலையில் நாங்கள் பனியனை எடுக்கப் போனபோது ஊரே சரிவின் அடியில் நின்றிருந்தது. ஆணும் பெண்ணுமாக, கையில் நுனியில் கொக்கி வைத்த நீளக் கழிகள்.  அத்தனை பேரும் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் குட்டிக் கைகள் ஆடின. எங்களை அடித்துத் துரத்தப் போகிறார்கள் என்று நான் ரேஷியோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நேகியின் அண்ணிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அகலமான முகம், சிரிக்காத முகம். அவர் முன்னால் வந்து, கழியைத் தூக்கினார். அண்ணாந்து பார்த்தார். கழியை இறக்கினார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டு, அந்தச் சரிவை விட்டு அடுத்த சரிவுக்கு நடந்து போனது.

என்ன சொன்னார் என்று நேகியிடம் கேட்டேன். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கழியை வீசுவது என்று சொன்னாராம்.

மாலையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்களையும் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்குத் தெரியாத எதையும் ரேஷியோ கண்டுபிடித்துவிடவில்லை. சின்ன மரம் இல்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சரிவையாவது பறிக்காமல் விட வேண்டும் என்று வருடா வருடம் பேசுகிறார்கள். எந்தச் சரிவு, யாருடைய பங்கு என்று வரும்போது சண்டை வந்துவிடும். நான் விட்டால் என் மரத்தில் நீ கழி போடுவாய் என்பான் ஒருவன். பேச்சு அதோடு முடியும். இந்த வருடம் பேச்சு நடப்பதற்கு முன்னாலேயே எல்லாரும் ஒரு சரிவைத் தாண்டி வந்துவிட்டார்கள். அந்தத் துணி வெறும் ஈரத்துணி என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் குழந்தைச் சட்டையை முதலில் இழுத்துப் போடுகிற ஆளாக யாரும் இருக்க விரும்பவில்லை.

அண்ணி எங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். நேகி ஹிந்தியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். காய் வெடித்து, கொட்டை விழுந்து, பனி மூடும்வரை அந்தத் துணிகள் அங்கேயே இருந்தால் அந்தச் சரிவு தப்பிக்கும். நாளைக்கு நீங்கள் கழற்றிக்கொண்டு போனால், நாளை மறுநாள் கழி வரும்.

ரேஷியோவைப் பார்த்தேன். சரக்கு திரும்பி வராவிட்டால் டேபிள் போய்விடும். அவருக்கு அந்த டேபிளைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. நான் நேகியை ஒதுக்கி, கொஞ்சம் துணியை மட்டும் விட்டுப் போனால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தேன். எந்த மரத்தில் இல்லையோ அந்த மரம் போகும் என்றார். முதலாளிக்குப் போன் போட்டேன். சிக்னல் வந்து வந்து போனது. விஷயத்தைச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில், "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க, சரக்க எடுத்துட்டு வந்துருங்கங்க" என்று கேட்டது. நான் போனை ரேஷியோவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டேன்.

ரேஷியோ நேகியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். சின்னது வந்தால், அது பெரிதாகி நாம் காய் பறிக்க எவ்வளவு காலம் ஆகும்?

நேகி மலையைப் பார்த்தார். நம்மில் யாரும் பறிக்க மாட்டோம் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது ரேஷியோ அதிர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்தவருக்கு அதிர்ச்சி கொடுத்தே பழகிய ஆள்.  "என்ற டேபிளு போயிருமல்லோ கண்ணு" என்றார், தனக்குள்ளே சொல்வது போல. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து சரிவுக்கு நடந்தார்.

பனியனை அவிழ்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு மரமாகப் போய்க் கைகளை அவிழ்த்து, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பனிக்காற்று பலமாக அடிக்குமாம், ஒற்றை முடிச்சு நிற்காதாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம் எதிர்ப்பக்கத்து மரத்திலிருந்து நானும் முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

காலி அட்டைப்பெட்டிகளை மட்டும் மடித்துக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தோம். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். "நீங்க ரொம்ப நாளா நின்னுட்டே இருக்கறீங்க, இனி ஊட்டுல உக்காருங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, போனது அவருடைய சரக்கு. ரேஷியோ தன் டேபிளைத் துணியால் துடைத்து, கத்தரியையும் டேப்பையும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். அந்த டேபிளில் அடுத்து வந்தவன் சாலிட் பேக்கிங்தான் போட்டான். எனக்கு அங்கே சோறு இறங்காமல் போனது அதற்கப்புறம்தான்.

ரேஷியோ ஊத்துக்குளியில் ஒரு வெண்ணெய்க் கடையில் பொட்டலம் கட்டப் போனார். அங்கேயும் யாராவது பெரிய பொட்டலம் வாங்கினால், ஊட்டில் குழந்தை இருக்குதுங்களா என்று கேட்டு ஒரு சின்ன உருண்டையைத் தனியாக மடித்து வைப்பாராம். அந்தக் கடைக்காரர் இதைச் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நேகி அடுத்த வருடம் வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் வந்தார். கடைக்குள் நுழைந்து, டேபிளில் புது ஆளைப் பார்த்து, சரக்கைப் பார்க்காமலே என் பக்கம் திரும்பினார். நான் அவரை பஸ்ஸில் ஊத்துக்குளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெண்ணெய்க் கடை வாசலில் நேகி போனை எடுத்துக் காட்டினார். ஒரு படம். பாறை, பக்கத்தில் ஒரு முள்ளுச் செடி, அதன் நிழலில் ஏதோ. ஒரு ஓரத்தில் வெளுத்துப்போன மஞ்சள் துணியின் கை தெரிந்தது. பெரிதாக்கினோம். விரல் உயரத்துக்குப் பச்சையாக ஊசி ஊசியாய் ஒரு கொத்து. அந்தச் சரிவு முழுக்கத் தேடி இது போல இன்னும் சிலது பார்த்திருக்கிறார்கள். அண்ணி ஆடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லையாம். இந்த வருடமும் அந்தச் சரிவைத் தாண்டித்தான் போனார்களாம். கேட்டால், பழகிவிட்டது என்கிறார்களாம்.

ரேஷியோ வெண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எஸ் இல்லீங்க. நியூ பார்ன்" என்றார். பிறந்த குழந்தைக்குப் போடுகிற சைஸ் அது.

உள்ளே போனார். தன் பையைத் துழாவி எதையோ எடுத்து வந்தார். மடிப்புக் கலையாமல், பாலித்தீன் பையில், நெஞ்சில் வாத்தோடு ஒரு மஞ்சள் தெர்மல். அன்றைக்குக் கக்கத்தில் தையல் விட்டிருந்ததே, அந்த ரிஜெக்ட் பீஸ். பிரித்துக் காட்டினார். தையலைச் சரி செய்திருந்தார், எந்த இடம் என்றே தெரியவில்லை. நேகியின் கையில் வைத்தார்.

ஒரு மரத்துக்கு, அதுவும் விரல் உயர மரத்துக்கு, தெர்மல். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு அதிர்ச்சி வர வேண்டும். வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதுதான் தெரிந்தது.

"அங்க குளிருமல்லங்க?" என்றார் ரேஷியோ.

"ஆமாங்க" என்றார் நேகி, தொப்பியைக் கழற்றி, அந்தப் பனியனை அதற்குள் பத்திரமாக வைத்துக்கொண்டே.

அத்தனை வருடமும் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் நான். அன்றைக்கு எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.